ஊர்ப்பெயர் பெற்ற திராட்சை



மலாக்கா மாநிலத்தில் வாழும் நமக்குக் குலா மலாக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தென்னம்பாளையைச் சீவி, வடியும் பதநீரைக் காய்ச்சிச் செய்யும் வெல்லம் அது. நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்தப் பெயரில் கடைகளில் விற்கும் வெல்லமெல்லாம் மலாக்காவில் செய்ததுதானா? இல்லை. வேறு மாநிலங்களிற் செய்ததும், வேறு நாடுகளிற் செய்ததுங்கூட அதே பெயரில் விற்பனையாகின்றன. அப்படியானால் ஓர் ஊரின் பெயர் ஒரு பொருளுக்கு எப்போது உரியதாகிறது? அந்தப் பெயருக்கு உரியவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடி, இன்று இரண்டு திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் வருவோம். ஒன்று தமிழ்நாட்டில் உள்ளது. மற்றொன்று பிரான்சு நாட்டில் உள்ளது.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1996ஆம் ஆண்டில் தேனி தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. ஆகவே நம் முதியவர்கள் இதை 'மதுரை ஜில்லா' என்றே அறிவார்கள். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்கே வருசநாட்டு மலையும் காவல் நிற்க, நடுவில் நீண்டு கிடக்கிறது பள்ளத்தாக்கு. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இங்குள்ள ஊர்கள். நெல், வாழை, தென்னை ஆகியவற்றோடு, பந்தல் பந்தலாகத் திராட்சைக் கொடி படர்ந்திருப்பது இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு.

இங்கே பெரும்பாலும் பயிராவது பன்னீர் திராட்சை. கருநீல நிறம், உள்ளே விதை, வாயிலிட்டால் பன்னீர் தெளித்தாற் போன்ற மணம். அந்த மணத்தால் வந்ததே அதன் பெயர். தோல் மென்மையானது, நெடுந்தூரப் பயணம் தாங்காது. ஆகவே பெரும்பாலும் தமிழ்நாட்டிலும் பக்கத்து மாநிலங்களிலுமே விற்பனையாகிறது. கடல் கடந்து நம் சந்தைக்கு வரும் திராட்சைகளிடையே இதைக் காண்பது அரிது.

நேயர்களே, இந்தப் பன்னீர் திராட்சை தமிழ் மண்ணிற் பிறந்ததன்று. இதன் அயல்நாட்டுப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பது. 19ஆம் நூற்றாண்டில், குளிர் மிகுந்த இங்கிலாந்தில், கண்ணாடிக் கூடத்திற்குள் இரண்டு வகைத் திராட்சைகளைக் கலந்து உண்டாக்கிய இனம் இது. ஹாம்பர்க் என்பதோ செருமனி நாட்டில் உள்ள ஒரு நகரம்! அந்த நகரத்தில் பிறக்காத கொடி அந்த நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றியது. 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குத் திராட்சைக் கொடியைக் கொண்டு வந்தார் என்பது அங்கே வழங்கிவரும் செய்தி. எப்படி வந்தாலும், வந்த கொடி கம்பத்து மண்ணில் கால் ஊன்றிக்கொண்டது.

கொடி ஊன்றினால் மட்டும் போதுமா? தண்ணீர் வேண்டுமே! மேற்கே ஓடிக் கேரளக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். பென்னிகுவிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தலைமையில் கட்டப்பட்ட அந்த முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்த நீர் இறங்கி வரும் வழியில் முதலாவதாக நனைவது கம்பம் பள்ளத்தாக்கு. பென்னிகுவிக்கின் பெயரை அங்குள்ள மக்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். ஆனால் காட்டிலே கல் சுமந்து, மலைக்காய்ச்சலில் மாண்டு போன கூலிகள் பலர். அவர்களின் பெயரைச் சொல்வார் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

குளிர்நாடுகளில் திராட்சை ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும். பனிக்காலத்தில் கொடி உறங்கிவிடும். கம்பத்திலோ பனியில்லை, கொடி உறங்குவதில்லை. ஆகவே விவசாயி கத்திரிக்கோலைக் கையில் எடுத்துக் கவாத்துச் செய்கிறார். கவாத்து என்றால் கிளைகளை அளவறிந்து வெட்டிவிடுதல். வெட்டிய கொடி புதிதாகத் துளிர்த்துப் பூத்துக் காய்க்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு மாதத்தில் கவாத்துச் செய்வதால், பள்ளத்தாக்கில் எங்கேனும் ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். எந்தக் கணுவில் வெட்டுவது, எத்தனை கண் விடுவது என்பது கைப்பழக்கம். பால்மரத்தில் பட்டைக்கு எவ்வளவு ஆழம் கத்தி போகலாம் என்பதை ஏட்டைப் பார்த்தா நம் தாய்மார்கள் கற்றார்கள்? அதுபோலத்தான் இதுவும்.

2023ஆம் ஆண்டில் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற பெயருக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு என்பது என்ன? ஒரு பொருளின் தரத்துக்கும் புகழுக்கும் ஒரு குறிப்பிட்ட வட்டாரமே காரணம் என்று அரசு பதிவு செய்து, அப்பெயரை வேறு வட்டாரத்தார் தங்கள் பொருளுக்கு இட்டு விற்காதவாறு காப்பது. மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டிலும் பழனிப் பஞ்சாமிருதத்துக்கு 2019ஆம் ஆண்டிலும் இதே உரிமை கிடைத்தது. நம் மலேசியாவிலும் இதற்கெனச் சட்டம் உண்டு. சரவாக் மிளகு அவ்வாறு பதிவு பெற்ற பெயராகும்.

இந்த எண்ணம் எங்கே வளர்ந்தது? பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்களிலே வளர்ந்தது. அங்கே திராட்சை, பழமாக உண்பதற்கென்பதை விட, மது வடிப்பதற்கே பயிராயிற்று. மது நம் தோட்டக் குடும்பங்களுக்குச் செய்த கேடு நமக்குத் தெரியும். நான் அதன் புகழ் பாட வரவில்லை. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தங்கள் ஊர்ப்பெயருக்காக நடத்திய போராட்டமே நமக்குப் பாடம்.

பாரிசு நகரத்துக்குக் கிழக்கே ஷாம்பெயின் என்ற வட்டாரம் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை நிறைந்த நிலம், குளிர் மிகுதி. அங்கே செய்யப்படும் நுரை பொங்கும் மதுவுக்கும் ஷாம்பெயின் என்றே பெயர். பழம் பயிரிட்டவர்கள் சிறு விவசாயிகள். அதை வாங்கி மதுவாக்கி விற்றவர்கள் ரெய்ம்ஸ், எப்பர்னே முதலிய நகரங்களின் பெரு வணிகர்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சுக்கு ஒரு பெருந்துன்பம் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு பிலாக்செரா என்ற சின்னஞ்சிறு பூச்சியும் வந்து இறங்கியது. அது வேரை உறிஞ்சிக் கொடியைக் கொன்றது. நாட்டின் திராட்சைத் தோட்டங்களிற் பெரும்பகுதி பட்டுப்போயிற்று. கடைசியில் கண்ட மருந்து என்ன தெரியுமா? அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். கீழே அமெரிக்க வேர். மேலே பிரெஞ்சுக் கொடி! ரப்பர்த் தோட்டத்தில் நாற்றங்கால் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒட்டுக் கன்றில் வேர் ஒன்றும் மரம் ஒன்றுமாக இருப்பதை அவர்கள் கையாலேயே செய்தவர்கள் அல்லவா?

பழம் குறைந்தபோது போலி பெருகியது. உலர்ந்த திராட்சையையும் சர்க்கரையையும் கொண்டு செய்த மது சந்தைக்கு வந்தது. விலை வீழ்ந்தது. 1907ஆம் ஆண்டில் தென் பிரான்சின் விவசாயிகளும் தோட்டக் கூலிகளும் இலட்சக்கணக்கில் திரண்டு ஊர்வலம் போனார்கள். நார்போன் நகரில் படை சுட்டதில் உயிர்கள் பலியாயின. அதே ஆண்டில், மதுவில் தண்ணீரும் அளவுக்கு மீறிய சர்க்கரையும் கலப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

ஷாம்பெயினில் நடந்தது இன்னொரு வகை. வணிகர் சிலர் வெளி வட்டாரங்களிலிருந்து மலிவான பழத்தையும் மதுவையும் வரவழைத்து, ஷாம்பெயின் என்ற பெயரில் விற்றார்கள். உள்ளூர் விவசாயியின் பழம் விலைபோகவில்லை. 1908ஆம் ஆண்டில் அரசு ஒரு கோடு கிழித்து, இந்த எல்லைக்குள் விளைந்தால்தான் ஷாம்பெயின் என்றது. மார்ன் மாவட்டம் கோட்டுக்குள் வந்தது. தெற்கேயுள்ள ஓப் மாவட்டம் வெளியே நின்றது. ஷாம்பெயின் நாட்டின் பழைய தலைநகரமான துருவா அந்த ஓப் மாவட்டத்திலேதான் இருக்கிறது! தலைநகரையே வெளியே நிறுத்திவிட்டு என்ன ஷாம்பெயின் என்று ஓப் விவசாயிகள் கொதித்தார்கள். 1911ஆம் ஆண்டில் மார்ன் மாவட்டத்தார் ஒருபுறமும் ஓப் மாவட்டத்தார் மறுபுறமும் கிளர்ந்து எழுந்தார்கள். வணிகர் வீடுகள் எரிந்தன. தெருவில் மது ஆறாக ஓடிற்று. படை வந்தது. ஓப் மாவட்டத்துக்கு 'இரண்டாம் மண்டலம்' என்று ஒரு பெயரைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாந்தரம் என்று முத்திரை குத்தப்படுவதை யார் பொறுப்பார்? கடைசியாக 1927ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஓப் விவசாயிகளும் சரிநிகராகக் கோட்டுக்குள் வந்தார்கள். பிறகு 1935ஆம் ஆண்டில், எந்த எல்லை, எந்தக் கொடி, ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல், எந்தச் செய்முறை என்று நாடு முழுவதற்கும் ஒழுங்கு வகுத்து ஊர்ப்பெயரைக் காக்கும் ஏற்பாடு உருவாயிற்று. பிற்காலத்தில் உலக நாடுகள் பல இயற்றிய சட்டங்களுக்கு அது ஒரு வழிகாட்டி.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். பிரெஞ்சுக் கொடியின் வேர் அமெரிக்க வேர். கம்பத்துக் கொடியின் மூலமோ அயல்நாடு. ஆயினும் ஷாம்பெயின் என்ற பெயரைப் பிரான்சின் சட்டமும், கம்பம் என்ற பெயரைத் தமிழ்நாட்டுத் திராட்சைக்கு இந்தியச் சட்டமும் உறுதி செய்துள்ளன. வேர் எங்கிருந்து வந்தது என்று சட்டம் கேட்கவில்லை. இந்த மண்ணில், இந்த மக்கள் கையில், இத்தனை காலம் இருந்து என்னவாயிற்று என்றுதான் கேட்டது. வெளியிலிருந்து வந்த ஒன்று உழைப்பினால் அந்த ஊருக்கே உரியதாகிவிடும். இது கொடிக்கு மட்டும் பொருந்தும் நியாயமா? நம் பால்மரமும் பிரேசிலிலிருந்து வந்ததுதான். 1896ஆம் ஆண்டில் தான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் அதை வணிகப் பயிராக நட்டார். அதன் பின்னே கப்பலேறி வந்தவர்கள் நம் பாட்டன்மார். மரமும் இந்த நாட்டுக்கு உரியதாயிற்று; மக்களும் உரியவரானார்கள்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் விளைவிப்போர் சங்கத்தின் பெயர் வரும். பந்தலின் கீழ் அண்ணாந்து நின்று, கழுத்து வலிக்கக் கவாத்துச் செய்யும் நாட்கூலியின் பெயர் வருவதில்லை. போலியைத் தடுக்கச் சட்டம் துணை நிற்கும். ஆனால் அறுவடை மிகுந்து விலை சரியும் நாளில் அது கைகொடுப்பதில்லை. அணை கட்டிய கூலிகளுக்கு நேர்ந்ததும் இதுவே.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 'பி.பி. 86', 'பி.பி. 260' என்ற ரப்பர் இனங்களை நம்மிற் பலர் வெட்டியிருக்கிறோம். அந்த இரண்டு எழுத்தும் பெராங் பெசார் என்ற தோட்டத்தின் பெயர்ச் சுருக்கம். முதல் உலகப்போருக்குப் பின் 1921ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அத்தோட்டம் சிறந்த ஒட்டு இனங்களை உலகுக்குத் தந்தது. இன்று அது இருந்த இடத்தில் புத்ராஜெயா நகரம் எழுந்து நிற்கிறது. அங்கே தலைமுறையாக வாழ்ந்த தோட்டக் குடும்பங்கள் டெங்கில் பக்கம் குடிபெயர்ந்தன. தோட்டத்தின் பெயர் மரத்தில் இரண்டு எழுத்தாகத் தங்கிவிட்டது. மரத்தை வளர்த்தவர்களின் பெயர் எங்கே தங்கியது?

நேயர்களே, பிரெஞ்சு விவசாயிகள் வாதாடியபோது வெறுங்கையோடு போகவில்லை. எந்தச் சரிவில் என்ன கொடி, எந்த ஆண்டில் என்ன விளைச்சல், யார் யார் பயிரிட்டார்கள் என்ற பழைய கணக்குகளும் வரைபடங்களும் சான்றாக நின்றன. எழுத்தில் இருந்ததால் உரிமை பேச முடிந்தது.

லூபோக் சீனா வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் உண்டு. வீடுகளான தோட்டங்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: "தாத்தா, நீங்கள் வெட்டியது எத்தனையாம் நம்பர் மலை? என்ன இன மரம்? எந்த ஆண்டில் நட்டது? உங்களோடு யார் யார் வேலை செய்தார்கள்?" அவர் சொல்வதை ஓர் ஏட்டில், ஆண்டும் பெயரும் விடாமல் எழுதிவையுங்கள். பள்ளிப் பிள்ளைகளே, இந்த வேலை உங்களுடையது. ஊரின் பெயரைச் சட்டம் காக்கலாம். அந்த ஊரை ஊராக்கியவர்களின் பெயரை நாம்தான் காக்க வேண்டும்.