போர்டிங்கில் நின்ற பிள்ளைகள்

நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று போர்டிங் பள்ளி தொடங்கி இருநூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. லண்டன் மிஷன் பணிக்காகக் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் 1819-ல் வந்த மார்த்தா மால்ட்டும், அதே மிஷனில் இருந்த சார்லஸ் மீடின் மனைவி ஜொஹன்னாவும் நடத்திய பள்ளி அது. இன்றைய டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் வேர் அங்கேதான் இருக்கிறது. வீட்டிலிருந்து வந்துபோகும் பெண்பிள்ளையை வயல்வேலையோ கைக்குழந்தையோ பாதியில் நிறுத்திவிடும். அதனால்தான் பள்ளியிலேயே தங்கவைத்தார்கள்.

சோற்றுக்கும் துணிக்கும் பணம்? 1821-ல் மார்த்தா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். உருண்டைத் திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை சட்டப்படியே இருந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள். ஓர் ஊசித்திண்டு அவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறது!

மார்த்தாவைப் பற்றிப் படிக்க நிறைய இருக்கிறது. கடிதங்கள், மிஷன் அறிக்கைகள், மகள் எலைசாவைக் கால்டுவெல் மணந்த செய்தி வரைக்கும். அந்தத் திண்டின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை என்ன நினைத்தாள் என்பதற்கு மட்டும் ஏடு இல்லை. பெயர்கூட அவளுடையதாக இருக்கவில்லை. சீமையிலிருந்து செலவுக்குப் பணம் அனுப்பியவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அன்றைய மிஷன் பள்ளிகளின் வழக்கம். நல்லது செய்தவர்கள்தான். ஆனாலும் அந்தப் பெயர்மாற்றத்தை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

எங்கள் இனயம் கடற்கரைக்குப் படிப்பின் வாசல் இன்னொரு திசையில் திறந்தது. கருங்கல் தாண்டினால் முளகுமூடு. 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து மேரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற துறவி அங்கே வந்து சேர்ந்தார். ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம், பள்ளி, மருந்தகம், அங்கும் நூல்வேலை. அங்கே முளைத்த ஐ.சி.எம். என்ற கன்னியர் சபை பின்னால் பிலிப்பைன்ஸ், சீனா, காங்கோ வரை போனது.

கடற்கரையில் போர்டிங்கின் தேவையே வேறு. அப்பா வெளியூர்க் கரைகளில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்கு மாதக்கணக்கில் போவார். அம்மா விடியுமுன் மீன் கடவத்தைத் தலையில் ஏற்றிவிடுவாள். ஆனி ஆடியில் கடல் வீட்டு வாசல்வரை வரும். பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? நானும் போர்டிங்கில் நின்று படித்தவன். தகரப் பெட்டி, விடியல் மணி, கஞ்சியும் பயறும், சில நாள் மரச்சீனி. சந்தையில் மீன் விற்றுத் திரும்பும் வழியில் அம்மா காலிக் கடவத்தோடு வாசலில் நிற்பாள். உள்ளே வரமாட்டாள், உடம்பில் மீன் வாடை என்று. இதைக் கண்ட பூகோள வாத்தியார் ஒருநாள் அவரே வெளியே போய், "உள்ளே வந்து இருங்கம்மா" என்று பெஞ்சைக் காட்டினார். மறுநாள் வகுப்பில் கரைப்பிள்ளைகளை எழுப்பிக் காற்றின் பெயர்களைக் கேட்டார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று சொல்லச் சொல்லக் கரும்பலகையில் திசை வரைந்தார். வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவர்கள் நாங்கள் என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. பள்ளி ஆண்டறிக்கையில் இப்படிப்பட்ட நாள் ஏறாது. கட்டடத் திறப்பும் தேர்ச்சி விழுக்காடும்தான் ஏறும்.

இனயம், புத்தன்துறை, ராமன்துறை, மிடாலம் பக்கங்களில் போர்டிங்கில் நின்று படித்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். வார்டன் சிஸ்டர் யார், ராத்திரி அழுதபோது யார் வந்து பார்த்தார்கள், எதற்கு அடி வாங்கினார்கள், விடுமுறைக்கு எப்படி ஊர் வந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னபடியே எழுதி, தேதியிட்டு வையுங்கள்.