குடவோலையும் கடைமடையும்

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "குடவோலைக் கல்வெட்டு எது?" சிறு பிள்ளை ஒருவன் குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்த கதை பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதால் வந்த வினை. எனக்கென்னவோ, குடத்தைவிட அதன் பின்னாலுள்ள பங்கீட்டுக் கணக்கில்தான் சுவாரசியம்.

முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், சபை கூடி இந்த விதிகளைச் செய்தது. ஊரில் 30 குடும்புகள். குடும்புக்கு ஒருவராக 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்ஸர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். எந்த மூலைக் குடும்புக்கும் ஊர்க் காரியத்தில் கை உண்டு. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் ஆறாறு பேர்தான். எல்லாக் குடும்புக்கும் இடம் போதாது. அதற்குத்தான் சபையார் ஓர் உபாயம் செய்தார்கள்: முன்பு இடம் பெற்ற குடும்பு ஒதுங்கி நிற்கட்டும், மறு வருஷம் மிச்சக் குடும்புகளிலிருந்து ஆள் எடுக்கட்டும். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் ஓலையே கிடையாது.

இதைப் பொற்காலம் என்று நான் கொண்டாட மாட்டேன். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே வாய்த்த நியாயம் அது. அந்த வயல்களில் நாற்று நட்டவள் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை.

இப்போது தேசம் முழுவதற்கும் இந்தக் குடும்புக் கணக்கைப் போடுவது நிதிக் கமிஷன். அரசியல் சட்டத்தின் 280-வது பிரிவின்படி முதல் கமிஷன் 1951-ல் அமைந்தது. மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் மத்திய வரித் தொகையில், பத்தாவது கமிஷன் (1995-2000) தமிழ்நாட்டுக்குத் தந்த பங்கு 6.637 சதவிகிதம். பதினைந்தாவது கமிஷன் 2021-26-க்குத் தந்தது 4.079. அந்தக் கமிஷன், வருமானத்தில் பின்தங்கியதற்கு 45 மார்க் வைத்தது. ஜனத்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்குப் பன்னிரண்டரை. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பீகாரில் பிறந்த குழந்தைக்கும் பள்ளிக்கூடம் வேண்டும்தானே?

பல்லவர் காலத்து வைரமேகத் தடாகத்தின் கரையில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் இதை எனக்குத் தெரிந்தமட்டில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கடைமடைக்குத் தண்ணி விடணும், ஐயா. அது ஞாயம். ஆனா தலைமடைக்காரன் எத்தனை நாள் மடையை அடைச்சு வெச்சிருக்கணும்னு ஒரு முறை உண்டு. டில்லியிலே அதை யாரு எழுதி வெச்சிருக்காங்க?"

கோயில் சுவரில் எழுதியிருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.