முயலின் காதில் ஒட்டும் தெள்ளுப்பூச்சி: ஒரு வைரஸ் பரவிய கதை

நாமகிரிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் மாடு வளர்ப்பவர்களுக்குத் தோல் கழலை நோயைப் பற்றி விளக்கத் தேவையில்லை. உடம்பெங்கும் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள் கிளம்பும், காய்ச்சல் வரும், பால் வற்றிவிடும். இந்தியாவில் 2019-ல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய், 2022-ல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏராளமான மாடுகளைக் கொன்றது. அம்மை வகையைச் சேர்ந்த அந்த வைரஸைக் கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவை பரப்புகின்றன.

அதே அம்மைக் குடும்பத்து வைரஸ் ஒன்று முயல்களையும் தாக்குகிறது. அதன் பெயர் மிக்சோமா. நோயின் பெயர் மிக்சோமடோசிஸ். உலகின் பல பகுதிகளில் காட்டு முயல்களை அழித்த நோய் இது. வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் இதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

நோய் எப்படிப்பட்டது?

தென் அமெரிக்காவின் காட்டு முயல் இனம் ஒன்றில் இந்த வைரஸ் சிறு கட்டியை மட்டுமே உண்டாக்கும். ஆனால் நாம் கூண்டில் வளர்க்கும் ஐரோப்பிய முயல் இனத்துக்கு அது எமன். 1896-ல் உருகுவே நாட்டில் சனரெல்லி என்ற இத்தாலிய அறிஞரின் ஆய்வுக்கூட முயல்கள் இந்நோயால் மடிந்தபோதுதான் உலகம் இதை அறிந்தது. கண் இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும், சீழ் வடியும், காதடியிலும் பிறப்புறுப்பிலும் வீக்கம் காணும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முயல் இறந்துவிடும். மனிதர்களுக்கு இது தொற்றாது.

தெள்ளுப்பூச்சியின் பங்கு

தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் வேறு வேறு. உண்ணிக்கு எட்டுக் கால்கள், அது தாவாது. தெள்ளுப்பூச்சிக்கு ஆறு கால்கள், இறக்கை இல்லை, தாவிக் குதிக்கும். முயல் தெள்ளுப்பூச்சி முயலின் காதில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். வைரஸ் பூச்சியின் உடலுக்குள் பெருகுவதில்லை. நோயுற்ற முயலின் தோலைக் குத்திய வாய் உறுப்பில் ஒட்டிக்கொண்டு, அடுத்த முயலைக் கடிக்கும்போது உள்ளே இறங்குகிறது. ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டால் என்ன நடக்குமோ அதுதான் இங்கும் நடக்கிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. பெண் முயல் சினையாகும்போது அதன் இரத்தத்தில் ஏற்படும் ஹார்மோன் மாற்றமே பெண் தெள்ளுப்பூச்சியை முட்டையிடத் தயாராக்குகிறது. குட்டி பிறந்ததும் பூச்சிகள் அதன் மேல் தாவி, வளையிலேயே முட்டையிடுகின்றன. இதை 1960-களில் பிரிட்டிஷ் அறிஞர் மிரியம் ரோத்ஷில்ட் ஆராய்ந்து வெளியிட்டார்.

மனிதன் அவிழ்த்துவிட்ட நோய்

பயிரை நாசமாக்கிய முயல்களை ஒழிக்க 1950-ல் ஆஸ்திரேலியா இந்த வைரஸைத் திட்டமிட்டே பரப்பியது. அங்கு பெரும்பாலும் கொசுக்கள் அதைச் சுமந்தன. பிறகு கொசு குறைந்த இடங்களுக்காக 1960-களில் ஐரோப்பாவிலிருந்து முயல் தெள்ளுப்பூச்சியையும் வரவழைத்து விட்டார்கள்.

1952 ஜூனில் பிரான்சில் ஆர்மான் டெலீல் என்ற மருத்துவர், மதில் சூழ்ந்த தம் பண்ணைக்குள் இரண்டு முயல்களுக்கு மட்டும் வைரஸைச் செலுத்தினார். நோய் மதிலுக்குள் நிற்கவில்லை. 1953-ல் பிரிட்டனை எட்டியது. அங்கு முயல் தெள்ளுப்பூச்சியே முக்கியக் கடத்தியாக இருந்தது; சில ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட காட்டு முயல்கள் மடிந்தன. நோயை வேண்டுமென்றே பரப்புவதை 1954-ல் பிரிட்டன் சட்டப்படி குற்றமாக்கியது. முயல் மேயாததால் புல் உயர்ந்து வளர, குட்டைப் புல்வெளியை நம்பிய ஒரு வகை நீலப் பட்டாம்பூச்சி 1979-ல் அந்நாட்டில் அற்றே போனது.

முயல்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. மிகக் கொடிய வைரஸ் முயலை விரைவில் கொன்றுவிடுவதால் பூச்சிகள் அதைச் சுமந்து செல்லக் கிடைக்கும் காலம் குறைவு. ஓரளவு மிதமான வைரஸே அதிகம் பரவியது. முயல்களிடமும் எதிர்ப்புச் சக்தி வளர்ந்தது. ஆனால் வைரஸ் ஓய்ந்துவிடவில்லை. 2018-ல் ஸ்பெயினில் அதன் புதிய வகை, அதுவரை பெரிதாகப் பாதிக்கப்படாத குழிமுயல் இனத்தையே கொல்லத் தொடங்கியது. நம் போதமலை, கொல்லிமலைப் பக்கம் வாழும் காட்டு முயலும் குழிமுயல் வகையே. அதை வேட்டையாடுவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

முயல் இறைச்சி ஹலால் என்பதால் இறைச்சிக்காக வளர்ப்பவர்களும், பிள்ளைகளின் ஆசைக்காக வளர்ப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

- கூண்டுக்குக் கொசுவலை அடியுங்கள். நாய், பூனைகளை அருகே விடாதீர்கள். அவற்றின் தெள்ளுப்பூச்சி முயலுக்கும் தாவும்.
- புதிதாக வாங்கிய முயலைச் சில வாரங்கள் தனியே வையுங்கள். நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றோடு சேர்க்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம்.
- நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்தை முயலுக்கு ஊற்றாதீர்கள். அவற்றில் உள்ள ஃபிப்ரோனில் முயலின் உயிரையே பறிக்கும்.
- கண் வீங்கிச் சோர்ந்த முயலை அறுத்துச் சாப்பிடவோ விற்கவோ வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது.

ஒரு மருத்துவர் இரண்டே முயல்களோடு தொடங்கியது ஒரு கண்டத்தையே சுற்றி வந்தது. நம் பொறுப்பில் உள்ள உயிர் வாயில்லாதது. அதன் நோயை முதலில் காண வேண்டியது நம் கண்தான்.