சூரசம்ஹாரம் இல்லாத ஊரில் சில போர்கள்

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் தலை மாற்றித் தலை மாற்றி வந்து வீழும்போது, திருத்தணியில் போர் எதுவும் நடப்பதில்லை. சூரபன்மனோடு பொருத சினம் தணிந்து முருகன் வந்தமர்ந்த மலை இது என்கிறது தலவரலாறு. செருத்தணி என்பதே திருத்தணி ஆயிற்று என்பார்கள். ஆகவே இங்கே சம்ஹாரம் கிடையாது. கூடை கூடையாகப் பூக்களைச் சொரிந்து புஷ்பாஞ்சலி செய்வார்கள். சிறுவயதில் எங்களுக்கு இது பெருங்குறையாகவே பட்டது. மற்ற ஊர்ப் பையன்களுக்கெல்லாம் சூரன் இருக்கிறான், நமக்கு மட்டும் சாமந்தி.

அந்தக் குறையை 2004 வாக்கில் கணினி மையங்கள் தீர்த்துவைத்தன. பெயர்ப்பலகையில் 'பிரவுசிங் சென்டர்' என்றிருக்கும். மாலையில் வரும் பையன்களுக்கு இணையத்தோடு அதிக உறவு கிடையாது. நகரிப் பக்கத்திலிருந்து வரும் தெலுங்கு நண்பர்களும் நாங்களும் ஒரே விசைப்பலகையை இருவர் இருவராகப் பங்கிட்டுக்கொள்வோம். ஒருவர் நடத்துவார், மற்றவர் அடிப்பார். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. ம.பொ.சி. முதலானோர் பல்லாண்டு போராடிப் பெற்ற எல்லை. விசைப்பலகைக்குள் மட்டும் அந்த எல்லை வரவில்லை.

அவ்வாண்டு 'ஸ்பைடர்மேன் 2' திரைக்கு வந்தது; கூடவே அதன் ஆட்டமும் வந்தது. கன்சோலில் விளையாடியவர்கள் அதை வியந்து எழுதியிருந்தார்கள். மன்ஹாட்டன் தீவு முழுவதும் திறந்து கிடக்கும், வலை மெய்யாகவே கட்டடத்தில் போய் ஒட்டும், எங்கும் ஊசலாடலாம் என்று. கன்சோல் எங்களில் எவரிடமும் இல்லை. கணினிக்கென்று வந்தது பெயரில் மட்டுமே அதே ஆட்டம். இளஞ்சிறார்களுக்காக எளிமைப்படுத்தித் தனியே செய்த வேறொரு பண்டம். குறித்துவைத்த இடங்களில்தான் வலை பற்றும். ஏமாற்றந்தான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: முதல் ஊசலில் வயிற்றுக்குள் ஏதோ நழுவியது. திரையரங்கில் அப்படி நழுவவில்லை.

படத்திலோ எங்களுக்கு மறக்கமுடியாமற்போன இடம் வேறு. ஓடும் ரயிலை நிறுத்திவிட்டு நினைவிழந்து சரிகிறான் நாயகன். முகமூடி இல்லை. பயணிகள் அவனைக் கைமாற்றிக் கைமாற்றித் தலைக்கு மேலே தூக்கிச் சென்று கிடத்துகிறார்கள். அட, சின்னப் பையன் என்கிறார்கள். எந்த விசையை அழுத்தி அதை ஆடுவது? செயலுக்குத்தான் விசை உண்டு. சோர்ந்து பிறர் கையில் கிடப்பதற்கு இல்லை. சினிமாவிலிருந்து எடுத்த அதிரடி ஆட்டங்களின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். அவை செருவை எடுத்துக்கொள்கின்றன; தணிவதை விட்டுவிடுகின்றன.

அவசரமும் ஒரு காரணம். 1982 ஜூனில் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளிவந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஆட்டம் தயாராக வேண்டும் என்று அட்டாரி நிறுவனம் அவசரப்பட, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை ஆள் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் அதை எழுதி முடித்தார். அத்தனை மென்மையான படம், ஆட்டத்தில் குழிக்குள் விழுவதும் எழுவதுமாக ஆயிற்று. விற்காத பெட்டிகளை 1983இல் நியூ மெக்ஸிகோவின் அலமோகோர்டோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியும் பார்த்தார்கள். எதிர்ச்சான்றும் உண்டு. 1995இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'கோல்டன் ஐ'க்கு ஆட்டம் 1997இல்தான் வந்தது. இரண்டு ஆண்டு பிந்தியது. இன்றுவரை கொண்டாடுகிறார்கள்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2005இல் ஏ.ஆர். முருகதாஸின் 'கஜினி' தமிழில் வந்து, தெலுங்கில் குரல் மாற்றப்பட்டு எல்லைக்கு அப்பாலும் ஓடியது. நோலனின் 'மெமென்டோ'வுக்கு அது பட்ட கடன் பலரும் பேசியதுதான், விட்டுவிடலாம். அவரே இயக்கிய இந்திப் பதிப்பு 2008 டிசம்பர் 25 அன்று வெளியானது. அதையொட்டி ஹைதராபாத்தின் எஃப்.எக்ஸ். லேப்ஸ் நிறுவனம் ஒரு கணினி ஆட்டத்தைச் செய்தது. ஐந்து கட்டங்கள். நாயகனின் முதுகுக்குப் பின்னால் நின்று அவனைச் செலுத்த வேண்டும், கைச்சண்டை, ஆயுதங்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று பரிந்துரைத்தார்கள். இந்தியாவின் முதல் முப்பரிமாணக் கணினி ஆட்டம் என்றும் விளம்பரம் செய்தார்கள். பின்னர் 2011இல் 'ரா.ஒன்', 2014இல் கைபேசியில் 'கோச்சடையான்' என்று வரிசை நீண்டது. எங்களுக்கு முக்கியமானது 'கஜினி'தான்.

ஏனெனில் அது மறதியின் கதை. பதினைந்து நிமிடங்களுக்கு மேல் எதுவும் நினைவில் நில்லாத ஒருவன், காதலியைக் கொன்றவனைத் தேடுகிறான். உடலில் பச்சை குத்திக்கொள்கிறான். புகைப்படங்களின் ஓரத்தில் குறிப்பெழுதுகிறான். ஆட்டத்திலோ ஆடுபவன் மறந்தால் ஆட்டமே இல்லை. நாயகன் செத்து மறுபடி தொடக்கத்தில் எழும்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது. எந்தத் திருப்பத்தில் எவன் நிற்கிறான் என்பது நமக்குத்தான் தெரியும். யோசித்துப் பார்த்தால் எல்லா ஆட்டங்களின் நாயகர்களும் சஞ்சய் ராமசாமிகளே. அவர்கள் மேனியில் குத்திய பச்சை, நாம். திரைப்படத்தால் தொட முடியாத ஒன்றை இந்த வடிவம் தொட்டிருக்கக்கூடும். படத்தின் விளம்பரத்தோடு விளம்பரமாக வரும் பண்டத்திடம் அதை எதிர்பார்த்தது எங்கள் பேராசை. எங்களுக்குக் கிடைத்தது சண்டை.

பெயரிலும் ஒரு வேடிக்கை. தமிழ்ப் படத்தில் கஜினி என்று எவரும் இல்லை. பள்ளிப் பாடத்தில் பதினேழு முறை படையெடுத்த முகமதுதான் நமக்குக் கஜினி. அரியர் எழுதி எழுதித் தோற்பவனுக்கு ஊரில் வைக்கும் பட்டப்பெயரும் அதுவே. விடாது முயல்பவனின் பெயர். இந்தியில் அதை வில்லனுக்குச் சூட்டிவிட்டார்கள். ஆட்டம் இந்திப் படத்தின் வாரிசு என்பதால் அங்கேயும் கஜினி எதிரிதான். தோற்றுத் தோற்றுத் தொடங்குவதே தொழிலாகக் கொண்ட ஒரு கலைக்குத் தமிழ்ப் பொருள் எவ்வளவு பொருந்தியிருக்கும்!

எங்கள் மட்டில் அந்தப் பொருள் வேறு வழியாக வந்து சேர்ந்தது. மையத்துக் கணினிகளில் எதுவும் தங்காது. அணைத்துப் போட்டால் மறுநாள் காலையில் எல்லாம் அழிந்து புதிதாக நிற்கும்படி செய்துவைத்திருந்தார்கள். சேமித்த ஆட்டமும் அதோடு போகும். ஆகவே நாள்தோறும் முதற்கட்டத்திலிருந்தே படையெடுப்பு. மூன்றாவதில் நேரம் முடிந்துவிடும். எதிரி ஓங்கிய கையோடு நிற்க, திரை இருளும். வெளியே வந்தால் மலைமேல் விளக்குகள். நகரி நண்பன் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவதற்கு முன், அன்று கண்டுபிடித்த வழிகளைப் பால்பாயின்ட் பேனாவால் எங்கள் உள்ளங்கைகளில் எழுதிவிட்டுப் போவான். இடம், வலம், இடம், கதவு. வீட்டுக்கு வந்து சோறுண்ணக் கை கழுவும்போது பாதி அழிந்துவிடும்.