பதின்மூன்று கட்டங்கள்

என் மகன் முதல் வகுப்பு முடிக்கும்போதும் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல்லை எழுத்துக்கூட்டித் திணறிக்கொண்டிருந்தான். 'பி'யும் 'டி'யும் இடம் மாறி விழும். நாங்கள் வசிக்கும் அமெரிக்கப் புறநகர்ப் பள்ளியில் பேசினோம். இரண்டாம் வகுப்பில் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கேட்டு ஒரு கட்டுக் காகிதம் வந்தது. அதில் ஒரு பக்கத்தில் 13 கட்டங்கள். ஆட்டிசம், காது கேளாமை, பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று போகும் பட்டியல். ஏதாவது ஒன்றில் டிக் விழ வேண்டும். அந்தக் குறை படிப்பைப் பாதிப்பதாகவும் காட்ட வேண்டும். அப்போதுதான் சிறப்புக் கல்வி.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அவனுக்கு என்னடா குறை? நீயும் மூணாங்கிளாஸ் வரைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிச்சே. கையெழுத்துப் போடாதே" என்றாள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு பட்டியலைப் பார்த்தால் இதை யார், எதற்காக, எப்போது போட்டார்கள் என்று பழைய பதிவுகளைத் தோண்டுவது பழக்கம். அன்றிரவும் தோண்டினேன்.

1970களின் தொடக்கம் வரை இந்தப் பிள்ளைகளைப் பள்ளி வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது சட்டப்படியே நடந்தது. பென்சில்வேனியாவில், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத குழந்தையைச் சேர்க்க மறுக்கலாம் என்று விதியே இருந்தது. பெற்றோர் சங்கம் ஒன்று 1971ல் வழக்குப் போட்டு அதை உடைத்தது. அடுத்த வருடம் வாஷிங்டன் நகரப் பெற்றோரும் வென்றார்கள். 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் ஊனமுற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி என்றது. 10 லட்சம் குழந்தைகள் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருக்கிறார்கள் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

அப்போது அந்தச் சட்டப்படி பணம் தலைக்கணக்கில் வந்தது. அப்படியானால் எது தலை என்று வரையறுத்தாக வேண்டும். கட்டங்களின் வேலை அதுதான்.

எங்களுக்கு வரப்போகிற கட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1963ல் சிகாகோவில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் சாமுவேல் கிர்க் என்ற உளவியலாளர் பேசினார். புத்தி இருந்தும் படிக்க வராத பிள்ளைகளுக்கு மூளைச் சேதம் அது இது என்று ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம். பெயர் வைத்துவிட்டால் புரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள் என்று எச்சரித்தவர், பேச்சோடு பேச்சாக 'கற்றல் குறைபாடு' என்ற சொல்லையும் பயன்படுத்தினார். பெற்றோர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அதே பெயரில் சங்கமும் தொடங்கினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயர் இல்லாத பிரச்சினைக்கு எந்த அலுவலகத்திலும் கவுன்ட்டர் கிடையாது.

1975ல் அரசுக்குப் பயம் வந்தது. மந்தமாகப் படிக்கும் எல்லாரும் இந்தக் கட்டத்துக்குள் வந்துவிட்டால்? முதலில், பள்ளி வயதுப் பிள்ளைகளில் 2 சதவீதத்துக்கு மேல் எண்ணக்கூடாது என்று உச்சவரம்பு. 1977ல் உச்சவரம்பை எடுத்துவிட்டு ஒரு நிபந்தனையை வைத்தார்கள்: ஐ.க்யூவுக்கும் படிப்பு மதிப்பெண்ணுக்கும் 'கடுமையான இடைவெளி' இருக்க வேண்டும். எவ்வளவு இருந்தால் கடுமை என்பதை மாநிலங்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்டன. ஒரு மாநிலத்தில் தகுதி பெற்ற பிள்ளை, வீடு மாறி அடுத்த மாநிலம் போனால் தகுதி இழக்கலாம். எங்கள் ஆபீஸில் யாராவது இப்படி ஒரு இஃப் கண்டிஷன் எழுதினால் ரிவ்யூவில் கிழித்துவிடுவோம். இதில் பெரிய கொடுமை வேறு. ஆறு வயதில் இடைவெளி சின்னதாகத்தான் இருக்கும். அது பெரிதாகிற வரை, அதாவது பிள்ளை நன்றாகத் தோற்கிற வரை, காத்திருக்க வேண்டும். 2004ல்தான் இந்த இடைவெளியை மாநிலங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் திருத்தினார்கள். பயன்படுத்தத் தடை இல்லை.

கோடு எவ்வளவு சுலபமாக நகரும் என்பதற்கு இன்னொன்று. மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கான அமெரிக்கச் சங்கம் 1961ல் வைத்த எல்லை ஏறத்தாழ ஐ.க்யூ 85. 1973ல் அதை 70க்கு இறக்கியது. வேறு நிபந்தனைகளும் உண்டு என்றாலும், எண்ணை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 16 பேர் என்பது இரண்டு பேர் சொச்சம் ஆகிவிட்டது. யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை, கோட்டை நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

படிவத்தில் 'வீட்டு மொழி' என்று ஓர் இடம் இருந்தது. தமிழ் என்று எழுதியிருந்தோம். முதல் வகுப்பில் பள்ளி எங்களைக் காத்திருக்கச் சொன்னது அதனால்தான். "ரெண்டு மொழி பேசற குழந்தை, கொஞ்சம் லேட்டாகும், பொறுத்துப் பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் பொறுமைக்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது. 1970ல் கலிஃபோர்னியாவில், வீட்டில் ஸ்பானிஷ் பேசிய ஒன்பது மெக்ஸிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் வகுப்பில் போட்டுவிட்டார்கள். ஸ்பானிஷிலும் சோதித்தபோது ஏழு பேர் கோட்டுக்கு மேலே வந்தார்கள். குழந்தையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும், ஆங்கிலம் தெரியாததையே காரணமாக்கிக் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது என்பதெல்லாம் இன்று சட்டத்தில் இருக்கிறது. நியாயமான விதி. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றிய அதே விதியைச் சொல்லித்தான் என் பையனை ஒரு வருடம் காக்க வைத்தார்கள். இரண்டுமே உண்மை. யாரை நோவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவனுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். தமிழ் 'ப'வும் 'ம'வும்கூட அவனுக்குக் குழம்புகிறது என்று மனைவி கூட்டத்தில் எழுதிக் காட்டினாள். உளவியலாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டேன். அம்மாவிடம் 'ஸ்பெஷல் ட்யூஷன்' என்று மட்டும் சொன்னேன். வாரம் நான்கு நாள், அரைமணி நேரம். மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று சட்டம். அடுத்தது அவன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது.