பூங்கா பெஞ்சுக்கும் ஒரு வரலாறு உண்டு



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு பூங்காவுக்குப் போய் பெஞ்சில் உட்காருகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர் பேச்சுக் கொடுக்கிறார். "தம்பிக்கு எந்த ஊரு?" ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வருகிறது: "ஊர்லயா, காலனியா?" அந்த இடத்தில் நம்மில் பலர் பதில் சொல்லாமல் எழுந்துவிடுகிறோம். எழுவதற்கு முன்னால், அந்த பெஞ்சில் உட்காரும் உரிமை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் வழியில் இருக்கிறது மதுராந்தகம். அந்தப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா ரெட்டைமலை சீனிவாசன். 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்கும் சாதி இந்துக்களைப் போலவே போகலாம் என்பதுதான் அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, 1924 செப்டம்பர் 25 அன்று அரசாணையாக வந்தது.

தெருவில் நடப்பதற்கே அரசாணை வேண்டியிருந்தது. இது நடந்து இன்னும் 110 வருடம்கூட ஆகவில்லை.

"பொதுமக்கள் கூடும் இடம்" என்ற சொற்களைக் கவனியுங்கள். 1930 இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ரெட்டைமலை சீனிவாசனும் அண்ணல் அம்பேத்கரும் சேர்ந்து போனார்கள். பின்னால் அண்ணல் தலைமையில் வரைவான அரசியலமைப்பின் 15(2) ஆவது பிரிவிலும் அதே சொற்கள் இருக்கின்றன. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடத்தில் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அரசுக்கு மட்டும் போட்ட கட்டளை அல்ல அது, பக்கத்து பெஞ்ச்காரருக்கும் சேர்த்துத்தான். 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதையே குற்றமாக்கியது. தீண்டாமையின் பேரில் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை.

ஆனால் சட்டம் வந்ததும் சாதி ஒதுங்கி நிற்கவில்லை. 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டது எங்கோ ஒரு குக்கிராமத்தில் அல்ல, விழுப்புரம் நகரத்திலேயே. "டவுனுக்குப் போனா சாதி தெரியாது" என்று சொல்பவர்களுக்கு இந்த வருடத்தை நினைவுபடுத்துங்கள்.

உரிமையை நேரடியாக மறுக்க முடியாதபோது ஆதிக்கம் இன்னொரு வழியைக் கண்டுபிடிக்கிறது. அந்த வழி, பூட்டு. அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்தைப் பேருந்துப் புறக்கணிப்புக்காக நமக்குத் தெரியும். அங்கே கறுப்பின மக்கள் பூங்காக்களைத் தங்களுக்கும் திறக்கச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். நகர நிர்வாகம் 1959 ஜனவரி 1 முதல் எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டது. ஓக் பார்க்கில் நீச்சல் குளத்தைத் தூர்த்தார்கள், மிருகங்களை விற்றார்கள். 1965 வரை வெள்ளைக் குழந்தைகளுக்கும் பூங்கா இல்லை. சேர்ந்து விளையாடுவதைவிட யாருமே விளையாடாமல் இருப்பது மேல் என்று நினைத்தார்கள்.

பூட்டை நாம் நம் மாவட்டத்திலும் பார்த்தோம். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனதால் மோதல் வந்து, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது.

இன்னொரு பூட்டு கண்ணுக்கே தெரியாது. காலனிப் பக்கம் பூங்காவே கட்டாமல் விடுவதுதான் அது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் 10 சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும் என்பது விதி. அந்தப் பூங்கா மனை வாங்க முடிந்தவர்களின் வீட்டு வாசலில்தான் அமைகிறது. நம் பிள்ளைகள் ரோட்டோரத்தில் விளையாடுகிறார்கள். அந்தப் பூங்காவைக் கூட்டிப் பெருக்கப் போகிற அம்மா எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 10 ரூபாய் கட்டணத்தில் நகராட்சிக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். எத்தனை பூங்கா, எந்தெந்த வார்டில், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு என்று கேளுங்கள். வந்த பதிலை நகர வரைபடத்தில் குறியுங்கள். பக்கத்திலேயே காலனிகளையும் குறியுங்கள். பிறகு அந்த வரைபடத்தோடு வார்டு உறுப்பினரைப் போய்ப் பாருங்கள்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். "ஊர்லயா, காலனியா?" என்று யாராவது கேட்டால், "காலனிதாங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள்.