ஆடாதோடை: வேலியில் நிற்கும் மருந்து

2010இல் கிளிநொச்சியில் எங்கள் வளவுக்குத் திரும்பியபோது, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அம்மம்மா வைத்த செடிகளையெல்லாம் கட்டாக்காலி ஆடுமாடுகள் மேய்ந்து முடித்திருந்தன. வேலி நின்ற மூலையில் ஆடாதோடை மட்டும் ஆளுயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்தது. அதை நட்ட அம்மம்மா எங்களோடு திரும்பி வரவில்லை.

ஆடாதோடை இலை கடும் கைப்பு. ஆடு தொடாது என்பதையே அதன் பெயருக்குக் காரணமாகச் சொல்வார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் இயற்கையாக வளரும் பற்றைச்செடி இது. வெள்ளைப் பூவின் இதழில் ஊதாக் கோடுகள் இருக்கும்.

1990களில் வன்னிக்கு மருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அப்போது எங்கள் வீட்டில் இருமல் மருந்து இதுதான். இலையிலுள்ள வாசிசின் என்ற பொருள் மூச்சுக்குழாயை விரிக்க உதவும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து, வாசிசினை அடியொற்றியே உருவாக்கப்பட்டது.

நடும் முறை

மாரி தொடங்கும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களே நல்ல காலம். முற்றிய தடியை மூன்று நான்கு கணுக்களோடு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி சாய்வாக நடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வேர் விட்டபின் பெரிய பராமரிப்புத் தேவையில்லை. கத்தரிக்கும் குழையைத் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்க்கலாம்.

பாவிக்கும் முறை

பெரியவர் ஒருவருக்கு இரண்டு மூன்று இலைகளைக் கழுவிக் கிழித்து, இரண்டு குவளை தண்ணீரில் போட்டு, அரைக் குவளையாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிப்போம். அம்மம்மா ஒரு துண்டு திப்பிலியும் தட்டிப் போடுவார். ஆறியபின் தேன் கலந்து குடிக்கலாம். நாங்கள் கைப்புத் தாங்காமல் பனங்கட்டி கடிப்போம்.

கவனிக்க வேண்டியவை

கர்ப்பிணிகள் இதைக் குடிக்கக் கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும். பிள்ளைகளுக்குக் கொடுக்கமுன் சித்த வைத்தியரைக் கேளுங்கள். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ சளியில் இரத்தம் கண்டாலோ, குடிநீரை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். அரச ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய் என்றாலும் அங்கே சிகிச்சை இலவசம். அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, இன்று இருக்கிறது.

அந்த ஒற்றைச் செடியின் தடிகள் இப்போது எங்கள் ஒழுங்கையில் ஆறு வளவுகளில் நிற்கின்றன. இந்த மாரிக்கும் அம்மா தடி வெட்டிக் கொடுக்கிறார். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் மறக்காமல் சொல்லித்தான் கொடுக்கிறார்.